கியா சொல்லாமல் வைத்திருந்த பெயர்

லண்டன் இல்ஃபோர்டில் சாறி பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற சனத்துக்குக் கியாவைத் தெரியாமல் இராது. இம்மாகுலேற்றின் தையல்கடையில் யன்னலோரத்து மெஷினில் இருப்பவள் அவள்தான். முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் இங்கிலிசில்தான் தொடங்குவார்கள். அவள் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழும்பி வந்து, "கையைத் தூக்குங்கோ அக்கா. போன முறையை விட இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிட்டியள்" என்பாள். வந்தவர் சிரிப்பதா கோபிப்பதா என்று யோசித்து முடிப்பதற்குள் அளவெடுத்து முடிந்திருக்கும்.

சீனத்தியா, தாய்லாந்துக்காரியா என்று கேட்காதவர் கிடையாது. கியா ஹ்மோங் இனத்தவள். லாவோஸ் மலையில் பிறந்தவள். அந்தச் சனத்துக்கென்று ஒரு நாடு இல்லை. சீனாவில் கொஞ்சம், வியட்நாமில் கொஞ்சம், லாவோஸில் கொஞ்சம் என்று மலைமலையாகச் சிதறிக் கிடந்து, வியட்நாம் சண்டைக்குப் பிறகு உலகம் முழுக்கச் சிதறினவர்கள். இதைக் கேட்ட முதல் நாளே, "அப்ப எங்களை மாதிரித்தான். வேற ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்று இம்மாகுலேற் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கியா கைக்குழந்தையாக மேக்கொங் ஆற்றைக் கடந்தவள். தாய்லாந்து முகாமில் நடை பழகி, பிரான்சில் வளர்ந்து, அங்கேயே நெங் என்ற ஹ்மோங் பையனைக் கலியாணம் முடித்தாள். நெங்குக்கு வால்தம்ஸ்டோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை கிடைத்தது. இருவருமாக லண்டனுக்கு வந்து இம்மாகுலேற் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தார்கள். வந்தது மார்கழி மாதம். பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. ஹ்மோங் பெரியவர்கள் சொல்வார்களாம், தங்களுடைய முதல் மூதாதையர் பனி உறைகிற ஒரு நாட்டில், பாதி வருடம் இருட்டுக்குள் இருந்துவிட்டுத் தெற்கே நடக்கத் தொடங்கினவர்கள் என்று. நெங் யன்னலால் வெளியே பார்த்து, "எவ்வளவு தூரம் நடந்தம். கடைசியில தொடங்கின இடத்துக்கே வந்திட்டம்" என்றானாம். கியா அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பிள்ளை பிறந்தான். தூ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் அது ஆண்பிள்ளைக்கு வைக்கிற நல்ல பெயர். இம்மாகுலேற் தொட்டிலைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்தாள். "பால்குடிப் பிள்ளையைப் பாத்துத் தூ எண்டு சொல்ல என்னால ஏலாது, பிள்ளை. பள்ளிக்கூடத்தில என்னவும் கூப்பிடட்டும். இந்த வீட்டில அவன் தம்பி." அன்றிலிருந்து அவன் தெருவுக்கே தம்பி.

தம்பிக்குப் பத்து வயதாக இருக்கும்போது நெங் நெஞ்சு நோவில் போய்விட்டான். மேல்மாடியில் தாயும் பிள்ளையுமாக இருந்தபோது, இனி என்ன செய்யப்போகிறாய் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. "கீழ வா. மெஷின் சும்மா கிடக்கு" என்றுதான் இம்மாகுலேற் கூப்பிட்டாள். அவளுடைய புருஷன் செபஸ்தியாம்பிள்ளை தம்பியைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்குக் கூட்டிப் போனார். கியா அதற்கெல்லாம் நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அக்கா என்றாள், அத்தான் என்றாள். பிறகு எதற்கு நன்றி? காய்ச்சல் என்றால் கஞ்சியோடு இறங்கி வருவாள், அவ்வளவுதான்.

இப்படியே தம்பி இருபத்தாறு வயதுப் பெடியனாகி, ரயில் பாதையில் மின்சார வேலை பார்க்கிற காலத்தில்தான் ஷெங் வந்தாள்.

ஷெங் பிரான்சில் பிறந்த ஹ்மோங் பெட்டை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை, வால்தம்ஸ்டோவில் தமையனுடைய பிளாட்டில் சீவியம். இருவரும் பாட்மின்டன் விளையாடுகிற இடத்தில் பழகினார்கள். பார்த்த முதல் நாளே, ஹ்மோங் பெட்டைகள் எல்லோரும் கேட்கிறதை அவளும் கேட்டாள்.

"நீ எந்தக் குலம்?"

"அம்மா மூவா" என்றான் தம்பி.

பிழை அங்கேதான் நடந்தது. ஹ்மோங் பிள்ளைக்குத் தகப்பனுடைய குலம்தான் குலம், குடும்பப் பெயரும் அதுதான். தாய் எந்தக் குலம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பத்து வயதிலிருந்து தாயை மட்டும் பார்த்து, தமிழ்ப் பெடியன்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு அது எங்கே தெரியும்? ஷெங் அவனை மூவா என்றே நினைத்துக்கொண்டாள். அவளுடைய குலத்தை அவன் திருப்பிக் கேட்கவும் இல்லை. அங்கே விளையாட வருகிற தமிழ்ப் பெடியன்கள் எல்லோரும் தம்பி என்று கூப்பிட்டதால் அவளும் தம்பி என்றே கூப்பிட்டாள்.

அரை வருடம் போனது. ஹ்மோங் புதுவருடத்துக்கு அவனைப் பிரான்சுக்குக் கூட்டிப்போய்த் தன் தாய் தகப்பனுக்குக் காட்டலாம் என்று ஷெங் சொல்ல, கடைக்கு மேல் அறையில் அமர்ந்து ரயில் டிக்கெட் எடுத்தார்கள். பாஸ்போட்டில் உள்ளபடி பெயர் அடிக்க வேண்டும். தம்பி அடித்தான். ஷெங் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது ஆற்ற பேர்?"

"என்ர பேர்தான்."

"நீ வாங்?"

"ஓம். அப்பா வாங்."

ஷெங் எழும்பி, கோட்டையும் எடுக்காமல் படியால் இறங்கிப் போய்விட்டாள். ஏனென்றால் அவளும் வாங். வாங்கும் வாங்கும் ஒரே குலம். ஒருவரை ஒருவர் கண்டிராவிட்டாலும், பத்துத் தலைமுறை பிரிந்திருந்தாலும், உலகத்தின் இரண்டு கோடியில் பிறந்திருந்தாலும் அண்ணன் தங்கைதான். அதற்கு மேல் பேச்சில்லை. அன்று மாலையே பிரான்சிலிருந்து ஷெங்கின் தகப்பன் சாய் போனில் கூப்பிட்டுக் கியாவிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: "உங்கட மகன் நல்ல பிள்ளை எண்டு மகள் சொன்னவள். இனி அவன் எனக்கும் மகன். அதுக்கு மேல ஒண்டுக்கும் இடமில்லை."

மறுநாள் கடையில் இம்மாகுலேற்றுக்கு விஷயம் வந்தது.

"காதலிச்ச பெடியனைத் தம்பி தம்பி எண்டு கூப்பிட்டுக்கொண்டு திரிஞ்சவள், இப்ப சகோதரம் எண்டு அழுறாளோ?" என்றாள் முதலில். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் வேலைக்குப் போன பிறகு, "வடிவாச் சொல்லு. இது என்ன குலக் கதை?" என்று கேட்டாள்.

கியா கை வேலையை நிறுத்தாமல் சொன்னாள். முன்னொரு காலத்தில் உலகமெல்லாம் வெள்ளம் வந்தது. ஓர் அண்ணனும் தங்கையும் மட்டும் பெரிய மரமேளம் ஒன்றுக்குள் புகுந்துகொண்டார்கள். மேளம் மிதந்து மிதந்து வானத்திலே போய் முட்டியது. வானத்துப் பெரியவர் சத்தம் கேட்டு, ஈட்டியால் நிலத்தைக் குத்தித் தண்ணீரை வடியவிட்டார்.

"எங்களுக்குப் பேழை, உங்களுக்கு மேளம்" என்றாள் இம்மாகுலேற். "பிறகு?"

வேறு மனிதர் இல்லை. அண்ணன் கலியாணம் கேட்டான், தங்கை மாட்டேன் என்றாள். கடைசியில் இருவரும் ஆளுக்கொரு மலையில் ஏறித் திரிகையின் ஒவ்வொரு கல்லை உருட்டிவிட்டார்கள். பள்ளத்தில் இரண்டு கல்லும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திக் கிடந்தன. அதற்குப் பிறகு தங்கையால் மறுக்க முடியவில்லை. பிறந்த பிள்ளைக்குக் கையில்லை, காலில்லை. நீற்றுப்பூசணி மாதிரி ஓர் உருண்டை. அதைத் துண்டு துண்டாக வெட்டி நாலு பக்கமும் எறிந்தார்கள். விடியப் பார்த்தால் துண்டு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வீடு, வீட்டுக்கு மேல் புகை. தோட்டத்தில் விழுந்தது வாங் குலம். ஆட்டுப்பட்டியில் விழுந்தது லீ. பன்றிக்கூட்டில் விழுந்தது மூவா.

"அப்ப நீ பண்டிக்கூட்டில விழுந்தனியோ?"

"ஓம் அக்கா. அதாலதான் இவ்வளவு வருசமும் உங்களோட இருக்க ஏலுமாயிருக்கு."

இம்மாகுலேற் சிரித்துவிட்டு விடாமல் பிடித்தாள். "எடியே, அந்த முதல் சோடியே அண்ணன் தங்கச்சிதானே. அவை முடிக்கலாம், இதுகள் முடிக்கக் கூடாதோ?"

"அதுதானே அக்கா கையும் காலும் இல்லாமப் பிறந்தது."

இது இம்மாகுலேற்றுக்கு விளங்காத விஷயமில்லை. மாமன் மகள் மச்சாள், பெரியப்பன் மகள் தங்கை என்று வளர்ந்தவள். வெள்ளைக்காரிக்குச் சொன்னால் இரண்டும் ஒன்றுதானே என்பாள். தமிழருக்கும் ஹ்மோங் சனத்துக்கும் அது பாலும் நஞ்சும்.

"அப்ப பெடியனை மறக்கச் சொல்லு. வேற என்ன செய்யிறது?"

கியாவின் மெஷின் ஓடியது. இம்மாகுலேற் எட்டிப் பார்த்தாள். பிளவுஸின் இடக்கை வலப்பக்கத்தில் பொருத்தித் தைத்திருந்தது. பதினாறு வருடத்தில் அவள் கண்ட முதல் பிழை.

"என்னடி?"

கியா மெஷினை நிறுத்தினாள். "அக்கா, நெங் வாங் இல்லை."

அவனுடைய தகப்பன் லீ குலம். தாயும் தகப்பனும் ஆற்றங்கரை வந்துசேராமல் காட்டிலேயே செத்துப்போனார்கள். ஐந்து வயதுப் பிள்ளை தனியாக நின்றது. அந்தப் பக்கமாக வந்த வாங் குலத்துப் பெரியவர் ஒருவர் தன் பிள்ளைகளோடு அவனையும் மூங்கில் தெப்பத்தில் ஏற்றி ஆற்றைக் கடத்தினார். முகாமில் விசாரித்த அதிகாரியிடம் தன் கடைசி மகன் என்று சொல்லித் தன் பெயரைக் கொடுத்தார். சொல்லாவிட்டால் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் பிரான்சுக்குப் போயிருக்க வேண்டும். நெங் பெரியவனான பிறகு கியாவிடம் மட்டும் இதைச் சொல்லி, சத்தியமும் வாங்கிக்கொண்டான். லீ என்று ஒரு மனிதருக்கும் சொல்லாதே, அந்த மனிசன் தந்த பெயரை நான் உதறினால் சோறு போட்ட கையை உதறினது போல. கியா மூவா குலம். மூவாவுக்கு வாங்கும் ஆகும், லீயும் ஆகும். ஆகவே இவ்வளவு வருடமும் அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. தம்பிக்கும் தெரியாது.

"விசரி. இப்பவே போனை எடுத்து அந்தத் தகப்பனுக்குச் சொல்லு" என்றாள் இம்மாகுலேற்.

"ஏலாது அக்கா. நான் வாயைத் திறந்தா, அந்த மனிசன் செய்ததை நாங்கள் மறந்தமாதிரி ஆகும். வாயை மூடினா என்ர பிள்ளை..." கியா பிழையாகத் தைத்த கையைப் பிரிக்கத் தொடங்கினாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து செபஸ்தியாம்பிள்ளை கோழிக்கறியோடு சோறு தின்றுகொண்டிருந்தபோது இம்மாகுலேற் எல்லாவற்றையும் சொன்னாள். கியா எதிரே தலைகுனிந்திருந்தாள். மனிதர் அதிகம் பேசாதவர். சாப்பிட்டு முடித்து, விரலை நக்கி, தண்ணீர் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கியா, நான் என்ன பேரில ஏரோப்பிளேன் ஏறினனான் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"செபஸ்தியாம்பிள்ளைதானே அத்தான்."

"இல்லை. மரியநாயகம். குருநகர் ஆள். தன்ர பாஸ்போட்டைத் தந்து, போய்ச் சேர் எண்டவர். குரோய்டன் இமிகிரேசன் கந்தோரில போய் நான் இவன் இல்லை, இன்னாற்ற மகன் எண்டு உண்மையைச் சொல்லிப்போட்டன். பேரைக் கழட்டிக் குடுத்தன். ஆளைக் கழட்டேல்லை. ஒவ்வொரு வருசமும் அவருக்கொரு பூசை ஒப்புக்குடுக்கிறன். இவளைக் கேள்."

"ஓம், ஒரு வருசமும் தவறினதில்லை" என்றாள் இம்மாகுலேற்.

"உன்ர புருசன் நல்லவன். ஆனா சின்ன வயசில பயந்த பிள்ளை, பெரியாளாகியும் பயந்துகொண்டே இருந்திட்டுது. வாங் கிழவர் இருக்கிறாரோ?"

"போயிட்டார் அத்தான். மனிசி இருக்கிறா. தொண்ணூறு வரும்."

"அப்ப அவவைக் கேள். பேர் குடுத்த வீட்டைக் கேக்காம, நீயா ஏன் குழம்புறாய்?"

கியாவுக்கு இது இவ்வளவு காலமும் தோன்றவில்லை. அவளுடைய சனத்தில் பெரியவர்களிடம் அப்படிக் கேட்கிற வழக்கமும் இல்லை. ஆனாலும் அன்று பின்னேரமே மேலே போய், பிரான்சின் தெற்கில் மகனோடு தோட்டம் செய்கிற வாங் கிழவிக்குப் போன் எடுத்தாள். கீழே இம்மாகுலேற் படியடியில் நின்று, ஒரு சொல்லும் விளங்காத பாஷையைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கியா சொன்னது இதுதான்.

கிழவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தாளாம். சிரித்து இருமி, மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவேண்டி வந்ததாம்.

"இவ்வளவு காலமும் அதைப் பொத்தி வைச்சிருந்தனீங்களோ? சாகும்மட்டும் என்ர மனிசனுக்கு ஒரே கவலை. அந்தப் பெடியன் தன்ர தகப்பனுக்குச் சோறு படைக்கிறானோ, இல்லாட்டி நான் செத்தாப்பிறகு எனக்கு மட்டும் படைச்சுப்போட்டு அந்தச் சீவனைப் பட்டினி போடுவானோ எண்டு. குளிருக்குக் கோட்டுக் குடுத்தால் வீடு வந்து சேந்தாப்பிறகு கழட்டத்தானே வேணும். அதுக்குள்ளேயே கிடந்து வேர்க்கச் சொல்லி ஆர் சொன்னது?"

கியா அழுதாள். கிழவி, "அழாதை. எனக்குக் காது மந்தம், அழுதா விளங்காது" என்று போனை வைத்துவிட்டாளாம்.

அன்றிரவு சோறு போடும்போது கியா மகனிடம் சொன்னாள். தம்பி அசையாமல் கேட்டான். "Amma, so who am I?" என்றான். "நீ தம்பி. முதல்ல சாப்பிடு" என்றாள் தாய். பிறகு லீ தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கொடுத்தாள். அவன் அதைச் சரியாகச் சொல்லும்வரை அவள் சோற்றில் கைவைக்கவில்லை.

கியா போனில் சொன்னாலும், ஷெங்கின் தகப்பன் சாய் லேசில் நம்புகிற மனிதரல்ல. பிள்ளைகளின் ஆசைக்காகக் கட்டின கதையாக இருந்தால்? ரயில் ஏறி வந்து, இம்மாகுலேற் வீட்டு முன் அறையில், திருஇருதயப் படத்துக்குக் கீழே நிமிர்ந்து அமர்ந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. கியாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கட புருசன் புதுவருசத்துக்கு எப்பிடிப் படைச்சவர்?"

கேள்வியின் கனம் கியாவுக்குத் தெரியும். ஒரு குலத்தை இன்னொரு குலத்திலிருந்து பிரித்துக் காட்டுவது பாஸ்போட் இல்லை. செத்தவர்களுக்கு எந்த இடத்தில், எந்த விதமாகச் சோறு வைக்கிறார்கள் என்பதுதான். ஒரு குலத்துப் பெரியவரை இன்னொரு குலத்து அடுப்படியில் வைத்துக் கூப்பிடமாட்டார்கள்.

"அடுப்புக்குப் பக்கத்தில ஒரு கோப்பைச் சோறு. அதில தன்ர தகப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆருக்கும் கேளாமல், வாய்க்குள்ளதான். வாங் பெரியவர் செத்தாப்பிறகு இன்னொரு கோப்பை. அதை வாசலடியில, கதிரை போட்டு அதுக்கு மேல வைப்பார். வந்த விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி. ரெண்டையும் ஒண்டா வைச்சதே இல்லை. கதிரை ஏன் எண்டு அப்ப நான் கேக்கேல்லை."

சாய் கண்ணை மூடித் திறந்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"கதை கட்டுறவை கதிரையைக் கண்டுபிடிக்கமாட்டினம்" என்றார். "என்ர மூத்த அக்காவும் வேற ஒராளின்ர பேரிலதான் ஆத்தைக் கடந்தவ. ஆனா ஒண்டு. லீ வீட்டுப் பெடியன் எண்டால் லீ வீட்டிலயிருந்து பொம்பிளை கேட்டு வரவேணும். எங்கட முறைப்படி குடையோட தூதன் வரவேணும். லண்டனில உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

கியாவுக்கு ஒருவரும் இல்லை. அவள் அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள், இவ்வளவு நேரமும் ஒரு சொல்லும் விளங்காமல் மூலையில் இருந்த செபஸ்தியாம்பிள்ளை, "என்னவாம்?" என்று கேட்டார். கியா தமிழில் சொன்னாள்.

"குடைதானே? நான் போறன்."

சாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்கட பாட்டுத் தெரியுமோ எண்டு கேளுங்கோ."

"பழகுவன் எண்டு சொல்லு" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

பழகத்தான் இல்லை. அந்த மனிதருக்கு ஹ்மோங் பாஷையில் ஒரு வசனத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனாலும் குறித்த சனிக்கிழமை காலையில் கறுப்புக் குடையைச் சுருக்கி, கியா கொடுத்த கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீளத் துணியை அதன்மேல் சுற்றி, கோட்டும் டையுமாக வால்தம்ஸ்டோவுக்குப் புறப்பட்டார். வெயில் நன்றாக எறித்தது. "குடையை விரிக்கவும் ஏலாது, பைக்குள்ள வைக்கவும் ஏலாது. பஸ்ஸில என்னைப் பாத்து எல்லாரும் தள்ளி நிக்கினம்" என்று பிறகு சொன்னார். பின்னால் தம்பி, அவனுக்குப் பின்னால் கியாவும் இம்மாகுலேற்றும்.

ஷெங்கின் தமையனுடைய பிளாட்டுக் கதவு மூடியிருந்தது. உள்ளே இருந்து ஒருவர் பாட்டிலே கேட்டார். வெளியே நிற்பவரும் பாட்டிலே பதில் சொல்ல வேண்டும் என்பது முறை. செபஸ்தியாம்பிள்ளை தொண்டையைச் செருமி, தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை, மாதா திருவிழாவில் சுற்றிவரும்போது பாடுகிற பாட்டை, முழுக்கப் பாடினார். உள்ளே யாரோ சிரித்தார்கள். கதவு கொஞ்சம் திறந்தது.

"எந்த வீட்டிலிருந்து வந்தீர்கள்?"

அவருக்கு ஏறின ஒரே வசனம் அதற்கான மறுமொழிதான். "லீ வீட்டிலிருந்து" என்றார், தெளிவாக, தெரு முழுக்கக் கேட்க.

கியா இம்மாகுலேற்றின் கையைப் பிடித்துக்கொண்டாள். காட்டிலே செத்துப்போன அந்தத் தகப்பனுடைய குலப்பெயரை நாலு பேருக்கு முன்னால் ஒருவர் வாய்விட்டுச் சொல்வதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். சொன்னது ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் என்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

பேச்சு முடிந்து குடையைச் சுவரில் மாட்டினார்கள். இனி மாப்பிள்ளை பெண் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லச் சொல்ல மண்டியிட்டுக் கும்பிட வேண்டும், இருப்பவர்களுக்கும் செத்தவர்களுக்கும். பெண் வீடு வாங் குலம். சாய் தன் தகப்பன் பெயரைச் சொன்னார், பாட்டன் பெயரைச் சொன்னார். மூன்றாவதாக, தனக்குச் சொந்தமில்லாத ஒரு வாங் பெரியவரின் பெயரைச் சொன்னார். நெங்கை ஆற்றைக் கடத்தினவரின் பெயர் அது.

கியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பெயரைக் கழற்றினால் அந்த மனிதரை இழந்துவிடுவோம் என்று இவ்வளவு காலமும் பயந்திருந்தாள். கழற்றினதால் அவர் பெண் கொடுத்த வீட்டுப் பெரியவராக வந்து நிற்கிறார். மகனுக்கு அவர் இனிக் கள்ளத் தாத்தா இல்லை, மாமன் வீட்டுத் தாத்தா. தம்பி மட்டுமல்ல, தம்பிக்குப் பிறக்கப் போகிற பிள்ளைகளும் அவரைக் கும்பிடலாம், ஒளிக்காமல்.

மேசையில் நிறுத்தி வைத்த போனுக்குள் வாங் கிழவி பிரான்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மண்டியிட்டுக் கும்பிட்டான். கிழவி ஏதோ கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்று இம்மாகுலேற் கேட்டாள்.

"என்ர மனிசன் கட்டையான ஆள், பெடியனை இன்னும் கொஞ்சம் குனியச் சொல்லுங்கோ எண்டுறா" என்றாள் கியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தம்பி நெற்றி நிலத்தில் முட்டக் குனிந்தான்.